உடைக்கு ஏற்ற சைக்கிள், சைக்கிளுக்கு ஏற்ற உடை

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் அழைப்புகளில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "உடைக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது, எல்லோரும் வரலாம்." எழுதுகிறவர்கள் மனதார நம்பித்தான் எழுதுகிறார்கள். ஆனால் விடியற்காலையில் திருவான்மியூரில் கூடி நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் உடலோடு ஒட்டிய ஜெர்சியும் கறுப்பு ஷார்ட்ஸுமாக இருக்கும்போது, தொளதொள சட்டையோடு புதிதாக வந்து நிற்பவருக்கு அந்த வரி ஒன்றும் செய்துவிடாது. கல்யாணப் பந்தியில் வீட்டுப் புடவையோடு உட்கார்ந்தவரை எழுந்து போகும்படி யாரும் சொல்வதில்லை. அவராகவே பாயசம் வருவதற்கு முன் எழுந்துவிடுவார்.

சில ஆண்டுகளாக இப்படி ஒரு குழுவில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். புதிதாக வந்தவர்கள் இரண்டாம் வாரம் ஏன் வரவில்லை என்று கேட்டால், எங்கள் குழுவில் உடனே கிடைக்கும் பதில், "வேகம் தாங்கவில்லை." என் கணிப்பு வேறு. பலர் சைக்கிளில் ஏறுவதற்கு முன்பே முடிவெடுத்துவிடுகிறார்கள், நின்று பேசிக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்.

முதலில், உடலோடு ஒட்டும் அந்த உடைகளின் துணியான லைக்ராவுக்காகக் கொஞ்சம் வாதாடிவிடுகிறேன். அதைக் கிண்டல் செய்வது எளிது, அதனால்தான் எல்லோரும் செய்கிறார்கள். இந்த நீளும் இழையை 1958இல் டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜோசஃப் ஷிவர்ஸ் உருவாக்கினார். அது சைக்கிள் உலகுக்கு வந்து சேர்வதற்கு முன் பந்தய வீரர்கள் அணிந்தது கம்பளி ஷார்ட்ஸ். உட்காரும் இடத்தில் மெல்லிய தோல் ஒன்றைத் தைத்திருப்பார்கள். துவைத்துக் காயப்போட்டால் அந்தத் தோல் விறைத்துப் போகும், களிம்பு தடவித்தான் மறுபடி மென்மையாக்க வேண்டும். இன்றைய ஷார்ட்ஸில் உள்ள பஞ்சு போன்ற பேடு அந்தத் தோலின் வாரிசு. சென்னைப் புழுக்கத்தில் பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்பிலேயே கிடக்கும். நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டினால் உள் தொடையில் தோல் உரசிப் புண்ணாகும். அந்த எரிச்சலை ஒருமுறை அனுபவித்தவர்கள் பேடு வைத்த ஷார்ட்ஸைக் கேலி பேசமாட்டார்கள்.

காற்றுத் தடையும் உண்மைதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்க நொடிக்கு நொடி செலவாகும் ஆற்றல் எட்டு மடங்காகிறது. மணிக்கு 35 கிலோமீட்டரில் போகிறவருக்குப் படபடக்கும் சட்டை ஒரு பிரேக்கைப் போலத்தான். ஆனால் 16, 18இல் போகிறவருக்கு அதே சட்டையால் வரும் இழப்பு பெரிதாகத் தெரியாது. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் ஓட்டுவது இந்த இரண்டாவது வேகத்தில்தான். அவர்களும் முதல் வேகத்துக்கான உடையில் வருகிறார்கள். அது அவர்கள் விருப்பம், அதில் எனக்கு வழக்கில்லை. புதியவர் அதை நுழைவுச்சீட்டு என்று எடுத்துக்கொள்வதுதான் சிக்கல்.

அந்த ஷார்ட்ஸைப் பற்றி யாரும் வாய்விட்டுச் சொல்லாத செய்தி ஒன்று இருக்கிறது: உள்ளாடை இல்லாமல் அணிய வேண்டியது அது. உள்ளாடையின் தையல்தான் பேடுக்கும் தோலுக்கும் நடுவே சிக்கிப் புண்ணாக்குகிறது. ஆண்கள் இதைச் சிரிப்பும் சீண்டலுமாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். புதிதாக வரும் பெண்ணிடம் யார் சொல்வது? சொல்ல வேண்டிய பெண் ஒருத்தி அந்தக் கூட்டத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நிறையப் பணம் கொடுத்து ஷார்ட்ஸ் வாங்கி, உள்ளாடைக்கு மேல் அணிந்து, மாமல்லபுரம்வரை போய் வந்து, ஒரு வாரம் உட்கார முடியாமல் அவதிப்பட்ட தோழி ஒருத்தி எனக்கு உண்டு. கேட்க வெட்கம், சொல்ல ஆளில்லை. கடையில் விற்ற பையனுக்கும் வெட்கம்.

அடுத்தது ஜெர்சி ஆர்டர். எல்லாக் குழுவிலும் ஒரு கட்டத்தில் இது வரும். யாரோ ஒருவர் படிவம் ஒன்றை அனுப்புவார். பெயர், அளவு, முதுகில் அச்சிட வேண்டிய செல்லப்பெயர், பணம் அனுப்பிய விவரம். அளவு அட்டவணையில் "இருபாலருக்கும்" என்று போட்டிருக்கும். இருப்பதென்னவோ மார்பளவு மட்டும்தான், அதுவும் ஆண் உடல்வாகுக்கு. இடுப்புக்குப் பொருந்தும் அளவை எடுத்தால் தோளில் தொங்கும், தோளுக்கு எடுத்தால் இடுப்பில் ஜிப் ஏறாது. பருமனானவர்களுக்கு அட்டவணை பாதியிலேயே முடிந்துவிடும். குறைந்தபட்சம் இத்தனை எண்ணிக்கை இருந்தால்தான் தைப்போம் என்று தயாரிப்பாளர் சொல்லிவிடுவதால், "எல்லோரும் வாங்கினால் நன்றாக இருக்கும்" என்ற அன்பான நெருக்கடி வேறு. ஜெர்சி வந்து சேர்ந்த வாரத்திலிருந்து, அதுவரை கண்ணில் படாத கோடு ஒன்று படத் தொடங்கும். முட்டுக்காட்டுப் பாலத்தருகே உப்பங்கழியைப் பின்னணியாக வைத்து எடுக்கும் படத்தில், ஜெர்சி உள்ளவர்கள் நடுவில், மற்றவர்கள் ஓரத்தில். யாரும் அப்படி நிற்கச் சொல்வதில்லை. "நிறம் ஒன்றாக இருந்தால் படம் எடுப்பாக வரும்" என்று மட்டும் சொல்கிறார்கள். மெதுவாக வருகிறவர்கள் பாலத்தை அடைவதற்குள் படமே முடிந்துவிடுவதும் உண்டு.

பெண்களுக்கு இருபக்கமும் இடி. லைக்ராவில் போனால் உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டும்வரை கார் கண்ணாடிகள் இறங்கிக்கொண்டே இருக்கும். சல்வாரில் போனால் கூட்டத்துக்குள்ளேயே "இவர் பொழுதுபோக்குக்கு வந்தவர்" என்ற முத்திரை. பொழுதுபோக்குக்காகத்தானே எல்லோரும் வந்திருக்கிறோம்? யாரும் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட்டவில்லை.

ஐம்பதை நெருங்கும் ஒரு பள்ளி ஆசிரியை ஒருமுறை எங்களோடு சேர வந்தார். மகளுடைய லேடீஸ் சைக்கிள். சல்வார், துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்து, தோளில் ஒன்றும் முடிச்சில் ஒன்றுமாக ஊக்கு குத்தியிருந்தார். காற்றில் ஒரு நூல்கூடப் பறக்காத ஏற்பாடு. தலைக்கவசம் இல்லை. அதை ஒருவர் சுட்டிக்காட்டி, தன் காரில் இருந்த கூடுதல் கவசத்தையும் எடுத்துக் கொடுத்தார், நியாயம். பிறகு டயரில் காற்றைப் பற்றி ஒருவர், சீட்டின் உயரத்தைப் பற்றி ஒருவர். கடைசியாக ஓர் இளைஞர் வந்து, "மேடம், பாதுகாப்புக்காகத்தான் சொல்கிறேன், அடுத்த வாரம் சரியான உடையில் வாருங்கள்" என்றார்.

"எது சரியான உடை, தம்பி?" என்று ஆசிரியை கேட்டார். கேலியில்லாமல், வகுப்பில் கேட்பதுபோல. தம்பி பதில் சொல்ல வாயெடுத்தார். குனிந்து தன் ஷார்ட்ஸைப் பார்த்துக்கொண்டார். "இல்லை மேடம், சும்மா சொன்னேன்" என்று நகர்ந்துவிட்டார்.

அவர் சொன்னது முழுக்கப் பிதற்றல் என்று தள்ளிவிட முடியாது. தொங்கும் துணி சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று இரு சக்கர வண்டியின் பின்னால் உட்கார்ந்து போகும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஆனால் அதற்கு நம் சட்டம் கண்ட தீர்வைப் பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னால் உட்காருபவரின் உடை சிக்காமல் இருக்க மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்கிறது. புடவை கட்டாதே என்று விதி சொல்லவில்லை. சக்கரத்தை மூடு என்கிறது.

சைக்கிளும் ஒரு காலத்தில் அப்படித்தான் யோசித்தது. நான் பள்ளிக்குப் போன லேடீஸ் சைக்கிளில் குறுக்குக் கம்பி வளைந்து கீழே இறங்கியிருக்கும், காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சங்கிலியை முழுதாக மூடும் செயின் கவர், பின்சக்கரத்தின் மேல்பாதிக்கு வலை, சேற்றுக்கு மட்கார்டு. 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரிலிருந்து நாடு முழுவதும் அனுப்பிய ஹெர்குலிஸ் வண்டிகளில் வேட்டியை மடித்துக் கட்டிய ஆண்கள் அரிசி மூட்டையும் பிள்ளைகளுமாகப் போனார்கள். முழுக்கால்சட்டைக்காரர்கள் கணுக்காலில் கிளிப் மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நெதர்லாந்தில் இன்றும் அன்றாட சைக்கிள் அப்படித்தான் இருக்கிறது. செயின் கவர், சக்கரத்துக்குத் தடுப்பு, கோட்டும் பாவாடையுமாக அலுவலகம் போகும் மக்கள்.

வேகத்துக்கென்றே செய்யப்படும் இன்றைய ரோடு பைக் சைக்கிள் இவை எல்லாவற்றையும் எடை என்று கழற்றி எறிந்துவிட்டது. சங்கிலி திறந்து கிடக்கிறது, மட்கார்டு இல்லை, கம்பி நேராக மேலே. அதனால் சரிப்பட வேண்டிய கடமை ஓட்டுகிறவரின் உடம்புக்கு வந்துவிட்டது. "சரியான உடை" என்று அந்தத் தம்பி சொன்னது இந்த இயந்திரத்துக்குச் சரியான உடை. ஆசிரியையின் வண்டிக்கு அவருடைய சல்வார் எல்லா வகையிலும் சரியான உடைதான். செயின் கவர் இருந்ததே!

பெண்ணின் உடையைக் காட்டிச் சைக்கிள் உலகம் வாசலில் நிறுத்தியது இன்று நேற்றல்ல. 1898 அக்டோபரில் லேடி ஹார்பர்டன் என்ற ஆங்கிலேயப் பிரபு குலத்துப் பெண்மணி, சைக்கிளில் சர்ரே மாவட்டத்தின் ஓக்கம் கிராமத்துக்குப் போனார். கனத்த பாவாடைகள் சக்கரத்தில் சிக்குகின்றன, பெண்கள் கால்சட்டை அணியலாம் என்று பிரசாரம் செய்துகொண்டிருந்தவர் அவர். அன்றும் முழங்காலுக்குக் கீழே கட்டிய தொளதொளப்பான கால்சட்டையும் கோட்டும்தான் அணிந்திருந்தார். அங்கிருந்த ஹாட்பாய் விடுதியில் உணவு கேட்டபோது, அந்த உடையில் காபி அறைக்குள் விட முடியாது என்றார் விடுதியை நடத்திய பெண்மணி. வேண்டுமானால் மதுக்கூடத்தை ஒட்டிய அறையில், ஆண்கள் குடித்துப் புகைக்கும் இடத்தில், சாப்பிடலாம். லேடி ஹார்பர்டனுக்காகச் சைக்கிள் சுற்றுலாச் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1899இல் வழக்கு தோற்றது. மறுக்கவில்லையே, வேறு அறை கொடுத்தார்களே என்பது தீர்ப்பின் போக்கு.

வேறு அறை கொடுத்தார்கள் என்ற இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுகிறேன். எங்கள் குழுக்களும் யாரையும் மறுப்பதில்லை. "புதியவர்களுக்குத் தனியாக இன்னொரு குழு இருக்கிறது" என்று சொல்கிறோம். அந்தக் குழு எப்போது கூடும், யார் கூட்டிப்போவார் என்று கேட்டால் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.

இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்வு நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதில் முனைப்பாக இருந்தார், சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். கல்குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை, கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கட்டிய புடவையோடு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டினார்கள். தெருவில் ஏச்சும் கேலியும் வராமல் இல்லை. ஆனால் கற்றுக்கொடுத்தவர்கள் யாரும் உடையிலிருந்து பாடத்தைத் தொடங்கவில்லை. வண்டி, அதற்குக் கடன், பிடித்துக்கொள்ள ஒருவர், விழுந்தால் தூக்கிவிடக் கூட்டம். உடையை அந்தப் பெண்களே பார்த்துக்கொண்டார்கள்.

பொழுதுபோக்குச் சைக்கிளோட்டமும் கல்குவாரிக்குப் போகும் சைக்கிளும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றில்லைதான். ஆனால் இரண்டும் ஒரே சாலையில், ஒரே நேரத்தில் ஓடுகின்றன. நாங்கள் நீலாங்கரையைத் தாண்டும் நேரத்தில்தான் இரவுக் காவல் முடித்த ஆட்கள் திரும்புகிறார்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் கேரியரில் சாப்பாட்டுத் தூக்கோடு எதிரே வருகிறார்கள். லுங்கி, சட்டை, ரப்பர் செருப்பு. எதிரே ஜெர்சி அணிந்த அந்நியர் வந்தால் எங்கள் ஆட்கள் கையை உயர்த்துவார்கள், தலையை அசைப்பார்கள். லுங்கிக்காரருக்கு அது கிடையாது. ஆண்டு முழுவதும், மழையிலும், விளக்கில்லாத வண்டியில் ஓட்டுகிறவர் அவர். சாலையைப் பற்றி எங்களைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும். கானத்தூர் அருகே ஒரு டீக்கடையில் அப்படிப்பட்ட பெரியவர் ஒருவர் எங்களில் ஒருவரின் காலணியைக் கவனித்துக்கொண்டிருந்தார். பெடலோடு பூட்டிக்கொள்ளும் வகை, சிமெண்டுத் தரையில் டக் டக் என்று வாத்து நடை நடக்க வைக்கும். "வழுக்காதா தம்பி?" என்றார். "வழுக்கும்தான், ஐயா" என்றார் காலணிக்காரர். "அப்புறம் எதற்கு?" அதற்கு அடுத்த அரைமணி நேரம் விளக்கம் நடந்தது. பெரியவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. கிளம்பும்போது, பாலத்துக்கு முன்னால் இடது ஓரத்தில் நேற்று ஜல்லி கொட்டியிருக்கிறார்கள், உள்ளே தள்ளிப் போங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜல்லி இருந்தது.

மற்ற ஊர்களில் இதைக் கையாண்ட விதங்கள் பல. லண்டனில் முஸ்லிம் பெண்களுக்காக 2016இல் தொடங்கிய சைக்கிள் சிஸ்டர்ஸ் அமைப்பில் ஹிஜாபும் நீண்ட அங்கியுமாக ஓட்டுகிறார்கள். டெட்ராய்டில் 2010இல் தொடங்கிய ஸ்லோ ரோல், பெயருக்கேற்றபடி மெதுவாக ஓடுகிறது, ஆயிரக்கணக்கானோர் கையில் கிடைத்த வண்டியில், உடம்பில் இருந்த உடையில் வந்து சேர்ந்தார்கள். இரண்டிலும் யாருக்காக ஓட்டுகிறோம் என்பதில் குழப்பம் இல்லை. எங்கள் பிரச்சினை, வேகக்காரர்களுக்கான ஓட்டத்தை நடத்திக்கொண்டே எல்லோருக்குமானது என்று விளம்பரம் செய்வது.

வேகக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. வாரம் முழுவதும் உழைத்துவிட்டு, கிடைக்கும் ஒரே காலையில் வரிசையாக, ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் ஒதுங்கி, நெஞ்சு வெடிக்க ஓட்ட ஆசைப்படுவது குற்றமில்லை. அப்படி ஓட்டும் வரிசையில் பறக்கும் துணியும் பழக்கமில்லாத ஆளும் உண்மையிலேயே ஆபத்து. அதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் நான் குழுவில் வாதாடியது. கொஞ்சம் மனத்தாங்கலும் வந்தது. இப்போது அழைப்பில் வேகத்தை எண்ணாகவே போடுகிறோம்: இந்த ஓட்டம் 28க்கு மேல், அந்த ஓட்டம் 16, கடைசி ஆளோடு ஒருவர் வருவார். தொங்கும் துணியை முடிந்துகொள்ளுங்கள், தலைக்கவசம் கட்டாயம், மற்றபடி எது உங்களுக்கு வசதியோ அது. படம் புறப்படும் இடத்திலேயே எடுக்கிறோம். காபிக்கு நிற்கும் இடத்தையும் மாற்றினோம். முன்பு நின்ற கடையில் ஒரு காபியின் விலைக்கு டீக்கடையில் நாலைந்து பேர் குடித்துவிடலாம். அந்தக் குளிரூட்டிய கடைக்காக ஏங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நானும் சில நாள்களில் ஏங்குகிறேன்.

ஆசிரியை இப்போது மெதுவான ஓட்டத்தில் கடைசி ஆளோடு வருகிறவர். சல்வார்தான், ஆனால் உள்ளே ஒரு மாற்றம். பேடு தனியாகவே விற்கிறார்கள். அதை வாங்கி, பழைய சல்வாரின் உள்பக்கத்தில் வைத்துத் தைக்கச் சொல்லி அவர் தெருத் தையல்காரரிடம் கொடுத்தார். நடுவில் தையல் ஓடினால் எல்லாம் வீண், ஓரத்தில் மட்டும் தைக்க வேண்டும், தொடைப் பக்கம் துணி சுருங்கக் கூடாது. இதை விளக்க ஆசிரியைக்கு வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. தையல்காரர்தான் முதல் முறை அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டாராம். இப்போது எங்கள் குழுவிலிருந்தே ஏழெட்டுப் பேர் அவரிடம் தைக்கிறோம். நான் முழங்கால்வரை வரும் குர்தாவோடு போட்டுக்கொள்கிறேன். ஜெர்சியில் இருப்பதுபோல முதுகில் மூன்று பை வைத்துத் தரச் சொன்னால் மட்டும் மறுக்கிறார். பை வைத்தால் குர்தாவின் விழுகை கெட்டுவிடுமாம், அந்தப் பழி தன் கடைக்கு வேண்டாமாம். பக்கவாட்டில் ஒன்று வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதில் செல்பேசி அடங்குகிறது, பஞ்சர் ஒட்டும் சாமான் அடங்கவில்லை. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.